ஆசிரியர்மீது புகார்: தீர விசாரிப்பது யார்?

சென்ற மாதம் நம் சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் "பெற்றோரும் பள்ளியும்" என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். வீட்டுப்பாடம், தேர்வு பயம், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத் தருவது என்று பேசி முடித்தேன். காபி வந்த பிறகு ஓர் இளம் தாய் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், ஒரு சந்தேகம். ஸ்கூல்ல ஒரு சார் மேல புகார் சொன்னா அவங்க அதை என்ன பண்ணுவாங்க? யார் விசாரிப்பாங்க? அதுக்கப்புறம் நம்ம பிள்ளை அங்க படிக்க முடியுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது தம் பிள்ளைக்காகவா, வேறு யாருக்காகவா என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்தவரை பதில் சொன்னேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல அது. சங்கச் செயலாளரிடம் சொன்னபோது, "எழுதிக் கொடுங்கள், எல்லோருக்கும் பயன்படும்" என்றார். அதனால் இக்கட்டுரை.

நான் தில்லியில் ஒரு தனியார் பள்ளியில் 1979 முதல் 2013 வரை கணிதம் கற்பித்தவள். கடைசி ஒன்பது ஆண்டுகள் துணை முதல்வராகவும் இருந்தேன். புகார் சொன்ன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், புகாருக்கு ஆளான ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

1991-இல் நடந்தது

அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் படித்தாள். தந்தை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஊரிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஓர் ஆசிரியர் வகுப்பு முடிந்த பிறகு தன்னை மட்டும் நிறுத்திவைத்து நடந்துகொள்ளும் முறை சரியில்லை என்று அந்தப் பெண் தன் தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாய்க்கு ஹிந்தி வராது. பள்ளியில் இருந்த ஒரே தமிழ் டீச்சர் என்பதால் என்னைத் தேடி வந்தார். நான் அவரை முதல்வரிடம் அழைத்துச் சென்றேன்.

மறுநாள் முதல்வர் அறைக்கு அந்தப் பெண்ணை அழைத்தார்கள். உள்ளே முதல்வர், நிர்வாகி, மூத்த ஆசிரியர் ஒருவர், நான். கூடவே, யார்மீது புகாரோ அந்த ஆசிரியரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "என்ன செய்தார்? இப்போது அவர் எதிரிலேயே சொல்" என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் என்ன சொல்வாள்? என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "பார்த்தீர்களா, ஒன்றும் இல்லை" என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

வராந்தாவில் அவள் என்னிடம், "டீச்சர், நான் சொன்னது தப்பா?" என்று கேட்டாள். "போய் கிளாஸ்ல உக்காரு, அப்புறம் பேசலாம்" என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. அவளுடைய தந்தை என்னிடம், "வந்த இடத்தில நமக்கு எதுக்கும்மா வம்பு? பொண்ணு பேரு கெட்டுடும்" என்றார். ஆண்டு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஆசிரியரைப் பற்றி வேறு முணுமுணுப்புகளும் கிளம்பின. நிர்வாகம் அவரை அழைத்து ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டது. பள்ளியின் பெயர் காப்பாற்றப்பட்டதாக எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். போகும்போது அவருக்கு அனுபவச் சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை என்னிடம் இருந்ததால் அதை வரைந்து கொடுத்ததும் நான்தான். நடத்தை திருப்திகரமானது என்று அதில் ஒரு வரி உண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையத்தில் யமுனைக்கு அப்பால் உள்ள ஒரு பள்ளியின் ஆசிரியை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் பள்ளியில் எழுந்த ஒரு புகாரைச் சொன்னார். ஆசிரியரின் பெயரைச் சொன்னதும் என் பேனா நின்றுவிட்டது.

அன்று நாங்கள் செய்த தவறுகள் நான்கு. குழந்தையைக் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரில் நிறுத்தினோம். பள்ளியே போலீஸாகவும் நீதிபதியாகவும் ஆனது. எதையும் எழுத்தில் பதியவில்லை. கடைசியில், பிரச்சினையை ஒரு நற்சான்றிதழோடு அடுத்த பள்ளிக்கு அனுப்பிவைத்தோம். இந்த நான்குக்கும் இன்று சட்டத்தில் விடை இருக்கிறது. அவற்றைப் பெற்றோர் தெரிந்துகொள்வது அவசியம்.

எல்லாப் புகாரும் ஒன்றல்ல

முதலில் ஒரு பாகுபாடு. ஆசிரியர்மீது வரும் புகார்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பணி ஒழுங்கைச் சேர்ந்தது. வகுப்புக்கு வராமை, மதிப்பெண்ணில் பாரபட்சம், தம்மிடமே டியூஷன் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது ஆகியவை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் ஆசிரியர்கள் தனிப்பட்ட டியூஷன் நடத்துவதையே தடை செய்கிறது. இவற்றை விசாரித்து முடிவு காண்பது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு.

இரண்டாவது, அடியும் அவமானமும். ஒரு காலத்தில் தில்லிப் பள்ளிக் கல்வி விதிகளே பிரம்படிக்கு இடம் கொடுத்திருந்தன. 2000 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். காயம் ஏற்பட்டிருந்தால் காவல் நிலையத்துக்கும் போகலாம். "அடியாத மாடு படியாது" என்ற நம் ஊர்ப் பழமொழி வகுப்பறையில் இன்று செல்லாது.

மூன்றாவது வகை, பாலியல் குற்றம். இதற்குத் தனிச் சட்டம் 2012-இல் வந்தது. 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தைப் போக்சோ என்று சுருக்கமாகச் சொல்கிறோம். 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் அது பொருந்தும். பையன்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஒரு பள்ளியின் ஊழியரே அப்பள்ளிக் குழந்தையிடம் இக்குற்றத்தைச் செய்தால் அதைக் கடுமையான குற்றமாகக் கருதிக் கூடுதல் தண்டனை விதிக்கிறது.

குழப்பம் அதிகம் நேர்வது இந்த மூன்றாவது வகையில்தான். அதை இரண்டாவது வகை போலவும், சில சமயம் முதல் வகை போலவும் நடத்திவிடுகிறார்கள். எனவே இனி அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

விசாரிப்பதா, தெரிவிப்பதா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். பள்ளி நிர்வாகிகளும் இதையேதான் சொல்வார்கள்: "அவசரப்படாதீர்கள். முதலில் நாங்கள் உள்ளுக்குள் விசாரிக்கிறோம். உண்மை என்று தெரிந்தால் போலீஸுக்குப் போவோம்." கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் சட்டம் இதற்கு இடம் தரவில்லை.

போக்சோ 19-ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்ற அச்சம் உள்ள எவரும், உள்ளூர்க் காவல் துறைக்கோ சிறாருக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். உண்மையை நிரூபித்த பிறகு வாருங்கள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தகவல் தருவது மட்டுமே கடமை. மெய்யா பொய்யா என்று தீர விசாரிப்பது காவல் துறையின் வேலை, முடிவு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது.

தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவர், தமக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதாவது முதல்வரும் தாளாளரும் சாதாரண மனிதரைவிட அதிகப் பொறுப்பு உடையவர்கள். மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி விடுதி வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அழுத்தமாகச் சொன்னது.

சில பள்ளிகள் புகாரை அலுவலகத்தில் உள்ள உள் புகார்க் குழுவிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்கின்றன. அந்தக் குழு, பணியிடத்தில் பெண்களைக் காக்க 2013-இல் வந்த சட்டத்தின்படி அமைக்கப்படுவது. ஓர் ஆசிரியைக்குச் சக ஊழியரால் தொல்லை என்றால் அவர் அங்கே போகலாம். குழந்தை சம்பந்தப்பட்ட புகாரில் அக்குழுவின் விசாரணை போலீஸ் தகவலுக்கு மாற்று ஆகாது.

முதல் நாளில் பள்ளி செய்ய வேண்டியது

அப்படியானால் பள்ளிக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது.

குழந்தை சொல்வதை அதற்கு நம்பிக்கையான ஒருவர், தனியிடத்தில், ஒரே ஒரு முறை, குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அதன் வார்த்தைகளிலேயே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். "அப்படியா செய்தார், இப்படியா செய்தார்" என்று நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. பிறகு வழக்கு நடக்கும்போது, பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது என்ற சந்தேகம் எழ அதுவே காரணமாகிவிடும். வகுப்பாசிரியர், சூப்பர்வைசர், முதல்வர், நிர்வாகி என்று நால்வரிடம் நான்கு முறை சொல்லவைப்பதும் கொடுமை. குற்றம் சாட்டப்பட்டவர் எதிரில் நிறுத்துவது எந்தக் காரணத்தாலும் கூடாது. விசாரிக்கும் போலீஸ் அதிகாரிகூட, குற்றவாளியெனச் சொல்லப்படுபவரின் பார்வையில் குழந்தை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். போலீஸுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், 1991-இல் அந்த அறையில் நாங்கள் செய்ததற்கு என்ன பெயர்?

அடுத்து, பெற்றோரை அழைத்துச் சொல்வது, காவல் துறைக்குத் தகவல் தருவது, அந்த ஆசிரியர் பிள்ளைகளோடு பழகாதபடி உடனே விலக்கி வைப்பது, கேமரா பதிவுகளும் வருகைப் பதிவேடும் அழியாமல் பாதுகாப்பது. புகார் சொன்ன பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றுவதும், "சில நாள் வீட்டில் இருக்கட்டும்" என்பதும் தவறு. விலகி இருக்க வேண்டியது பிள்ளை அல்ல.

இரண்டு தண்டவாளங்கள்

இதற்குப் பிறகு இரண்டு நடவடிக்கைகள் ரயில் தண்டவாளம் போல இணையாகப் போகும். பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

ஒன்று, குற்றவியல் வழக்கு. காவல் துறை முதல் தகவல் அறிக்கை பதிந்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விசாரணை மூடிய நீதிமன்றத்தில் நடக்கும். நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதியவும், கூடியவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்கவும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதம் ஆவது உண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கை. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தில்லியில் 1973-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டம் பொருந்தும். கடுமையான முறைகேடு என்றால் ஆசிரியரை உடனே தற்காலிகப் பணிநீக்கம் செய்யலாம். ஆனால் கல்வி இயக்குநருக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறாவிட்டால் அது 15 நாட்களுக்கு மேல் செல்லாது. தற்காலிகப் பணிநீக்கம் தண்டனை அல்ல, விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. பிறகு குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர் பதிலைப் பெற வேண்டும், விசாரணை அதிகாரியை நியமிக்க வேண்டும், அவருடைய தரப்பைக் கேட்க வேண்டும். வேலையிலிருந்து நீக்குவதற்கு இயக்குநரின் முன் ஒப்புதல் தேவை. தனியார் பள்ளிகளுக்கும் இது கட்டாயம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நீக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் பலர் கேந்திரிய வித்யாலயாக்களில் படிக்கிறார்கள். அங்கும் நவோதயா பள்ளிகளிலும், மாணவியிடம் தவறாக நடந்ததாகச் சுருக்க விசாரணையில் தெரியவந்தால், முழு விசாரணை இல்லாமலே ஆசிரியரை நீக்கத் தனி விதி இருக்கிறது. மாணவி குறுக்கு விசாரணைக்கு ஆளாகாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. நவோதயா ஆசிரியர் ஒருவரின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

வழக்கில் விடுதலை ஆனால் பள்ளி நடவடிக்கையும் தானாக ரத்தாகிவிடும் என்பதில்லை. இரண்டுக்கும் நிரூபிக்க வேண்டிய அளவு வேறு. நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும்.

ஆசிரியருக்கும் நியாயம் உண்டு

ஒரு தரப்பை மட்டும் சொன்னால் 34 ஆண்டுகள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தவள் என்ற முறையில் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன்.

2007 ஆகஸ்ட் கடைசியில் தில்லியில் நடந்தது பழைய வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தொலைக்காட்சி அலைவரிசை, அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் மாணவிகளைத் தவறான வழியில் ஈடுபடுத்துவதாக ரகசியக் கேமராப் பதிவை ஒளிபரப்பியது. துர்க்மான் கேட் அருகே பள்ளிமுன் கூட்டம் திரண்டது. நடுத்தெருவில் அந்த அம்மாளை அடித்து, உடையைக் கிழித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, பதிவில் மாணவியாக வந்தவர் மாணவியே இல்லை, எல்லாம் ஏற்பாடு செய்த நாடகம் என்று. அந்த அலைவரிசையை மத்திய அரசு ஒரு மாதம் நிறுத்திவைத்தது. கிழிந்த மானத்தை யார் தைத்துக் கொடுப்பது?

எங்கள் பள்ளியிலும் 2006-இல் ஒன்று நடந்தது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பையன் ஒருவனை ஓர் இளம் ஆசிரியர் காதில் அறைந்தார், மதராஸி என்று கேலி செய்தார் என்று புகார். பெற்றோர் இருபது பேரைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். நிர்வாகம் பயந்துபோய் அன்று மாலையே ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கவில்லை, அவர் பதிலைக் கேட்கவில்லை, அந்தப் பையனிடம்கூட யாரும் முறையாகக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. விதிப்படி விசாரணை நடத்துங்கள் என்று துணை முதல்வரான நான் சொன்னது அந்த இரைச்சலில் எடுபடவில்லை. அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். முறையான விசாரணை இல்லை என்ற காரணத்துக்காகவே நீக்கம் செல்லாது என்று முடிவாகி, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். அதற்குள் பையன் பள்ளியை விட்டே போயிருந்தான். அவர் உண்மையில் அறைந்தாரா? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அறைந்திருந்தால் அவர் தண்டனையிலிருந்து தப்பிவிட்டார். அறையவில்லை என்றால் காரணமின்றிச் சில ஆண்டுகளை இழந்தார். எதுவானாலும் பையனுக்குப் பதில் கிடைக்கவில்லை.

1991-இல் மூடி மறைத்தோம், 2006-இல் அவசரப்பட்டோம். இரண்டிலும் உண்மை வெளிவரவில்லை. ஒழுங்கான நடைமுறை ஆசிரியரைக் காப்பாற்றுவதற்கு மட்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெற்றோர் கையில் ஆயுதம் கொடுப்பதற்கு என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். பிள்ளை சொன்னது நிலைத்து நிற்கவும், குற்றமற்றவர் தலைநிமிர்ந்து திரும்பவும் இருக்கும் வழி அது ஒன்றுதான்.

பொய்ப் புகார் பற்றியும் ஒரு சொல். ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ தெரிந்தே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். குழந்தையைத் தண்டிக்க முடியாது. நிரூபிக்க முடியாமல் போன புகார் எல்லாம் பொய்ப் புகார் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் குடும்பங்களுக்கு

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சில தனிக் கஷ்டங்கள் உண்டு. மொழி அதில் முதலாவது. குழந்தை சொல்வதை அதற்குப் புரியும் எளிய மொழியில் பதிய வேண்டும் என்றும், அதற்குப் புரியாத மொழியில் பதிவதானால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் 19-ஆம் பிரிவே சொல்கிறது. எனவே ஹிந்தியிலோ கன்னடத்திலோ மராத்தியிலோ எழுதியதைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தயங்காமல் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்தது, பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம். குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி ஆகிய அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடுவதைப் போக்சோ 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை நாமும் மதிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதும், சங்க விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் பேசுவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. ஆசிரியரின் பெயரைப் பரப்புவதும் அப்படியே. 2007 கூட்டத்தை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, சமாதானம் பேசுவது. "நம்ம ஆளுங்க நாலு பேர் உக்காந்து பேசி முடிச்சிடலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்மீது 2022 ஜனவரியில் பதிவான வழக்கில், மாணவியின் தந்தை சமாதானமாகிவிட்டார் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்துகொண்டார்கள். ஊர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவைத் தள்ளி, வழக்கு நடக்க வேண்டும் என்றது. இது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான தகராறு அல்ல, சமுதாயத்துக்கு எதிரான குற்றம் என்பதே காரணம். நாமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சட்டம் நமக்கு உரிமை தரவில்லை.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

பிரச்சினை வந்த பிறகு ஓடுவதைவிட, சேர்க்கும்போதும் பெற்றோர் கூட்டத்திலும் இவற்றைக் கேட்டு வையுங்கள்:

1. பிள்ளையோ பெற்றோரோ புகார் சொல்ல வேண்டியவர் யார்? அவர்மீதே புகார் என்றால் யாரிடம் போவது?

2. ஆசிரியர், டிரைவர், காவலாளி, ஒப்பந்த ஊழியர் அனைவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா? 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கின்றன.

3. புதிதாக வரும் ஆசிரியரின் பழைய பள்ளிக்கு எழுதியோ பேசியோ விசாரிக்கிறீர்களா, சான்றிதழை மட்டும் பார்க்கிறீர்களா?

4. எழுத்தில் கொடுக்கும் புகாருக்குத் தேதியோடு ஒப்புகை தருவீர்களா?

5. புகார் நிலுவையில் இருக்கும்போது ஆசிரியர் ராஜினாமா செய்தால், அதை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடிவிடுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு முதல்வர் தயங்கினால் விடாமல் கேளுங்கள். நான் வரைந்து கொடுத்த சான்றிதழ் அந்தத் தயக்கத்தில் பிறந்ததுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். நானும் அந்த வரிசையில் மூன்றாவதாக நின்று பெருமைப்பட்டவள்தான். அந்த மரியாதையோடு, "சார் ஆனாலும் மிஸ் ஆனாலும், உனக்குச் சங்கடமாக எது நடந்தாலும் என்னிடம் சொல், நான் கோபப்பட மாட்டேன்" என்ற ஒரு வாக்கியத்தையும் கற்றுக் கொடுங்கள். சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே இதுபோன்ற வயதில் பிள்ளைகள் இருக்கலாம். இந்தப் பத்திரிகை அவள் கையில் கிடைக்குமோ கிடைக்காதோ, அன்று வராந்தாவில் அவள் கேட்ட கேள்விக்கான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். நீ சொன்னது தப்பில்லை அம்மா. கேட்டுக்கொண்ட நாங்கள்தான் தப்பு செய்தோம்.